வங்காள ஆண்டுப்பிறப்பு: வரிக் கணக்கிலிருந்து மொழியுணர்வு வரை

காலக்கணிப்பு வானியலோடு மட்டும் தொடர்புடைய ஒன்றன்று. ஒரு சமுதாயத்தின் உற்பத்தி முறையும் ஆட்சியமைப்பும் அதிலே தம் சுவடுகளைப் பதித்துச் செல்கின்றன. வங்காள ஆண்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஞாயிறு மேட இராசியிற் புகும் காலத்தையொட்டியே வங்காளரின் புத்தாண்டு பிறக்கின்றது. தமிழர் சித்திரை என வழங்கும் அம்மாதம் அவர்களுக்கு வைசாகமாகும். அதன் முதல் நாளே 'பொய்லா பொய்சாக்'.

மொகலாயர் ஆட்சியில் வரி அறவீடு ஹிஜ்ரி ஆண்டைத் தழுவியிருந்தது. சந்திரனைக் கொண்டு கணிக்கப்படும் அவ்வாண்டு ஏறத்தாழ 354 நாட்களையே உடையது. எனவே வரி செலுத்தும் நாள் ஆண்டுதோறும் முன்னகர, விளைச்சல் வீடு வருமுன்னரே உழவன் வரியிறுக்க நேர்ந்தது. இதனைச் சீர்செய்யும் பொருட்டு அக்பர், ஃபத்ஹுல்லா ஷிராஸி என்னும் அறிஞரின் துணையுடன் 1584 இல் ஞாயிற்றாண்டு முறையொன்றைப் புகுத்தினார். அது அவர் அரியணையேறிய 1556 ஆம் ஆண்டிலிருந்து கணிக்கப்பட்டது.

வங்காள ஆண்டின் தோற்றத்தை இச்சீர்திருத்தத்தோடு இணைப்போர் பலர். 1556 இற்குரிய ஹிஜ்ரி 963 ஐத் தொடக்கமாகக் கொண்டு ஞாயிற்றாண்டுகளைக் கூட்டிச் சென்றால் இன்றைய வங்காள ஆண்டெண் கிடைக்கும் என்பது அவர்களது வாதம். 2024 ஏப்பிரலில் வங்காள ஆண்டு 1431 பிறந்தபோது ஹிஜ்ரி ஆண்டு 1445 ஆக இருந்தமை இங்கு நோக்கத்தக்கது. ஏழாம் நூற்றாண்டிற் கௌட நாட்டையாண்ட சசாங்கனே இவ்வாண்டைத் தொடக்கினான் என்பாரும் உளர்.

தோற்றம் எவ்வாறாயினும், நெடுங்காலம் இந்நாள் கணக்குத் தீர்க்கும் நாளாகவே விளங்கியது. நிலப்பிரபுக்களின் 'புண்ணியாகம்' வரி பெறும் சடங்காயிற்று. வணிகர் பழைய கடனை முடித்துப் புதிய பேரேடு திறந்து, வாடிக்கையாளருக்கு இனிப்பு வழங்குவது 'ஹால்கதா' எனப்பட்டது.

பாகிஸ்தான் ஆட்சிக்காலத்தில் இந்நாள் புதுப்பொருள் பெற்றது. 1961 இல் தோன்றிய சாயாநட் என்னும் கலை அமைப்பு, 1967 இல் டாக்காவின் ரம்னா பூங்காவில் இசையோடு புத்தாண்டை வரவேற்கத் தொடங்கியது. தாகூர் பாடல்களுக்கு அரசு வானொலியில் தடை விதிக்க முற்பட்டதும் அதே ஆண்டிலேயாம். வரி கொடுக்கும் நாள் மொழியுரிமை பேசும் நாளாயிற்று.

முகம்மது சகீதுல்லாவின் தலைமையிலான குழு 1966 இல் முதல் ஐந்து மாதங்களுக்கும் 31 நாட்களை வகுத்தது. பங்களாதேசம் இத்திட்டத்தை 1987 இல் ஏற்றது. அங்கு புத்தாண்டு ஏப்பிரல் 14 என நிலைபெற, பழைய முறையைப் பேணும் மேற்கு வங்காளத்தில் அது பெரும்பாலும் ஏப்பிரல் 15 இல் வருகின்றது. ஆயினும் புதிய முறையில் ஓர் இடர் எழுந்தது. 1952 பெப்ரவரி 21 இல் மொழிப் போராட்டத்தில் மாணவர் உயிர்நீத்த நாள் மாசித் திங்களின் எட்டாம் நாளாகும். திருத்திய கணிப்பிலோ அந்நாள் ஒன்பதாயிற்று. 2019 இல் முதல் ஆறு மாதங்களுக்கும் 31 நாட்கள் அளிக்கப்பட்டு, வங்காளர் 'ஃபால்குன்' என வழங்கும் அம்மாசி 29 நாட்களாக்கப்பட்டதால் பெப்ரவரி 21 மீண்டும் எட்டாம் நாளுக்குத் திரும்பியது.

அன்று விளைச்சலுக்கு இசைய ஆண்டைத் திருத்தினர். பின்னர் உயிர்நீத்தோரின் நினைவுக்கு இசைய மாதத்தைத் திருத்தினர். இவ்விரு திருத்தங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே, அரசின் வரியேடாக இருந்த நாட்காட்டி மக்களின் உடைமையான வரலாறாகும்.