அடி வாங்குகிறவர் ஜெயிக்கும் படம்

காங்கேயத்தில் எங்க வீட்டுக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம். அங்கே அண்ணன்கள் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வதே கவுண்டமணி பாணியில்தான். அவரும் நம்ம பக்கத்து ஆள். உடுமலை அருகே வல்லக்குண்டாபுரம். நாடகத்தில் பழகி, 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் கவனிக்கப்பட்டவர்.

‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் சைக்கிள் கடைக்காரர், ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் தவில்காரர். எதிலுமே பெரிய ஆளில்லை. ஊர்மேல் இருக்கும் கோபமெல்லாம் செந்தில் முதுகில் இறங்கும். ஆனா வாழைப்பழக் கணக்கானாலும் சரி, உடைந்த மேண்டிலானாலும் சரி, கடைசியில் ஜெயிப்பது அடி வாங்குகிறவர்தான்.

ஒருநாள் களத்தில் முதலாளி ஓர் அண்ணனை நிஜமாகவே அறைந்தார். யாரும் சிரிக்கவில்லை. செந்தில் அடுத்த காட்சியில் திரும்பி வந்துவிடுவார். அந்த அண்ணன் மறுநாள் வேலைக்கு வரவே இல்லை.