அடிபடப் பழகிய மாணவர்கள்

ஒரு கன்னத்தில் அறைபவருக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லும் நற்செய்தியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை ஒத்திகை பார்த்துப் பழகிய மாணவர்கள் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரம், 1959. அங்கே கறுப்பின மக்கள் பெரிய கடைகளில் எந்தப் பொருளையும் வாங்கலாம்; காசு செல்லும். அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து ஒரு காப்பி குடிக்க மட்டும் இடமில்லை. இதை எதிர்க்க முடிவு செய்த கல்லூரி மாணவர்கள், ஓர் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். ஒருவர் நாற்காலியில் அமர்வார். நண்பர்களே அவரைத் திட்டுவார்கள், கீழே தள்ளுவார்கள். அவர் கையை ஓங்கக் கூடாது. கோபம் வரத்தான் செய்யும். வந்த பிறகும் அடக்கி அமர்ந்திருப்பதே பாடம்.

கற்றுத்தந்தவர் ஜேம்ஸ் லாசன், மெத்தடிஸ்டு சபையைச் சேர்ந்தவர். கொரியப் போருக்குச் செல்ல மறுத்துச் சிறை சென்றவர். பின்பு நம் நாட்டின் நாகபுரியில் மறைப்பணியாற்றியபோது காந்தியடிகளின் அறவழியைப் படித்தவர்.

1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கடைகளுக்குச் சென்று அமர்ந்தார்கள். யாரும் பரிமாறவில்லை. பாடப்புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 27-ஆம் தேதி ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. காவலர்கள் பிடித்துச் சென்றதோ அடிபட்ட மாணவர்களை! ஒரு வரிசை எழுந்து சிறைக்குப் போக, அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்தது. அபராதம் கட்டினால் அநீதியை ஏற்றதாகும் என்று பலர் சிறையையே தேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் டயான் நாஷ், சிக்காகோவில் கத்தோலிக்கராக வளர்ந்த 21 வயது மாணவி.

நகரின் கறுப்பினக் குடும்பங்களும் உடன் நின்றன. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அக்கடைகளில் புத்தாடை வாங்குவதில்லை என்று உறுதிகொண்டன. பிள்ளைகள் பழைய உடையில் ஆலயம் வருவதைப் பொறுத்துக்கொண்ட தாய்மாரையும் இந்த வரலாற்றில் நாம் சேர்க்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 19 விடியலில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அவரும் மனைவியும் உயிர்தப்பினர். அன்றே ஆயிரக்கணக்கானோர் முழக்கமின்றி மாநகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே நாஷ், மேயர் பென் வெஸ்டைச் சட்டம் பற்றிக் கேட்கவில்லை. நிறத்தை வைத்து ஒரு மனிதரை ஒதுக்குவது தவறென்று நீங்கள் கருதுகிறீர்களா என்று கேட்டார். கூட்டத்தின் முன்பாக, ஆம், தவறுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மே 10 அன்று நகரின் ஆறு கடைகளில் கறுப்பின மக்கள் அமர்ந்து உணவருந்தினார்கள்.