பொதுச்சுவர்ப் பாத்தியம்

‘மனை’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், வீடு அமைந்த நிலத்தையும் குறிக்கும், இல்லாளையும் குறிக்கும். எனினும், நெசவாளர் ஊர்களில் மனை என்பது ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுவதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் காருகர் வாழ்ந்த பகுதியைத் தனியே சுட்டுகின்றது. நெய்வோர் ஓரிடத்தே கூடி வாழத் தொழிலே காரணமாயிற்று. குழித்தறி வீட்டினுள் அடங்கும், பாவோ அடங்காது. அதனை நீட்டிப் பிடித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு நெடிய வெளி வேண்டும். அண்டை வீட்டாரின் கைகளும் வேண்டும். கொங்கு நாட்டு ஊர்களில் ‘பாவடி’ எனப் பெயர் பெற்ற பொதுநிலங்கள் இத்தேவையால் எழுந்தவையே. போர்வை நெசவால் பெயர்பெற்ற நம் சென்னிமலைக்கு இச்செய்தி புதிதன்று.

அவ்வாறாயின், வரிசையில் அமைந்த ஒரு பழைய வீட்டை வாங்குவோர் எதனை வாங்குகின்றனர்? நான்கு சுவர்களையா? அல்லது அச்சுவர்களை நிற்கச் செய்த கூட்டு வாழ்வையுமா? இவ்வினாவுக்கு விடை காண, மற்றொரு நெசவு நாட்டின் வரலாறு நமக்குத் துணைபுரியும். அந்நாடு ஆலந்து.

தோட்டக் குடியிருப்பின் தோற்றம்

1898-இல் எபனேசர் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் தோட்ட நகரம் என்னும் கருத்தை ஒரு நூலின் வழியே முன்வைத்தார். நகரின் வேலைவாய்ப்பும் சிற்றூரின் காற்றும் ஓரிடத்தே கிடைக்க வேண்டும் என்பது அக்கருத்தின் ஒரு பகுதி. மறுபகுதியைப் பலர் மறந்துவிட்டனர். நிலம் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும்; ஊர் வளர வளர நிலமதிப்பில் ஏறும் ஆதாயம் ஊருக்கே சேர வேண்டும் என்பதே அது.

ஆலந்தில் இதற்கு முன்னரே, 1880-களில், தெல்ஃப்ட் நகரத்து ஆலை உரிமையாளர் வான் மார்க்கன் தம் தொழிலாளர்க்கென அஹ்னேட்டா பார்க் என்னும் குடியிருப்பை எழுப்பியிருந்தார். 1901-இல் இயற்றப்பெற்ற வீட்டுவசதிச் சட்டம், ஆதாயம் கருதாத வீட்டுவசதிச் சங்கங்களுக்கு அரசின் கடன் கிடைக்க வழி செய்தது. நாட்டின் கிழக்கே பருத்தி ஆலைகள் நிறைந்த என்ஸ்கெடே நகரில் 1907-இல் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. 1914 முதல் அச்சங்கம் ஆலைத் தொழிலாளர்க்கென பத்மோஸ் என்னும் தோட்டக் குடியிருப்பைப் படிப்படியாகக் கட்டியது. ஒன்றோடொன்று ஒட்டிய சிறு வீடுகள், வளைந்த தெருக்கள், வீடுதோறும் சிறு தோட்டம் என அஃது அமைந்தது. பிற்காலத்தில் அந்நகரின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குடியிருப்போ நூறாண்டு கடந்தும் நிற்கின்றது.

அதே 1914-இல் நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் இந்தியா வந்தார். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவற்றுள் கோயம்புத்தூரும் ஒன்று. பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், அவற்றின் இயல்பறிந்து செப்பனிட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது.

வாங்குவோர் கடமை

வாடகைக்கென எழுந்த ஆலந்து வீடுகளில் பல, 1990-களுக்குப் பின் தனித்தனியே விலைக்கு வந்தன. அந்நாட்டில் பழைய வீடு வாங்குவோர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் ‘முதுமை விதி’ ஒன்று இடம்பெறுவதுண்டு. புதிய வீட்டின் தரத்தைப் பழைய வீட்டில் எதிர்பாரேன் என்று வாங்குவோர் ஒப்புக்கொள்வதே அதன் பொருள். தெரிந்த குறையைச் சொல்லுதல் விற்போர் கடமை. ஆராய்ந்து பார்த்தல் வாங்குவோர் கடமை. கையொப்பமிட்டபின் எண்ணித் துணிய மூன்று நாள் அவகாசத்தை 2003-ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியது.

எனினும் ஆழமான சிக்கல் மண்ணுக்கு அடியில் உள்ளது. அந்நாட்டின் மேற்கில் சேற்று நிலமே மிகுதி. ஆங்குப் பழைய வீடுகள் பல மரக்கழிகளின்மேல் நிற்கின்றன. நிலத்தடி நீர் மட்டம் தாழ்ந்தால் கழியின் தலை காற்றுப்பட்டு உளுத்துப்போகும். வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் தம் அடித்தளத்தைச் செப்பனிடுதல் அரிது. சுவரும் அடித்தளமும் அண்டை வீட்டாருக்கும் உரியவை. எல்லாரும் இசைந்தாலன்றி ஒருவர் வீடும் நிலைக்காது. தனியுடைமையாக விற்கப்பட்ட பின்னரும் அவ்வீட்டின் வேர் பொதுவிலேயே ஊன்றியிருக்கின்றது.

நம் பத்திரங்கள் கூறுவது

நம் நாட்டிலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், எளிதிற் புலப்படாத குறையை விற்போர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. 1953-இல் ஆலைத் துணிமீது விதிக்கப்பட்ட தீர்வையால் கைத்தறிக்கென ஒரு நிதி உருவாகியது. அதன் துணையால் சென்னை மாநிலத்தில் கூட்டுறவு நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. அவையும் ஒருவகைத் தோட்டக் குடியிருப்புகளே.

தறி ஓய்ந்த வீடுகள் இன்று கைமாறுகின்றன. வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்கின்றனர், மூலப்பத்திரம் கேட்கின்றனர், பட்டாவைச் சரிபார்க்கின்றனர். இவை வேண்டுவனவே. ஆனால் பத்திரத்தின் இறுதியில் வரும் ‘பொதுச்சுவர்ப் பாத்தியம்’, ‘மாமூல் தடபாத்தியம்’ என்னும் சொற்களை எழுத்தர் வழக்கமெனக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அவை வெற்றுச் சொற்களல்ல. ஒரு சுவரை இரு குடும்பங்கள் தாங்கிய வரலாறு முன்னதில் உள்ளது. எவரும் தடுக்காமல் எல்லாரும் நடந்த வழியின் வரலாறு பின்னதில் உள்ளது. சுவரை ஒருவர் தம் விருப்பப்படி இடித்தால் அண்டை வீடு விரிசல் காணும். பாவடியை ஒருவர் வேலியிட்டால், வருங்காலத்தவர்க்கு அச்சொல்லின் பொருளே விளங்காமற் போகும்.

அரசர்களின் வரலாறு கல்வெட்டில் உள்ளது. நெசவாளர் தெருவின் வரலாறு மரப்பெட்டிகளில் மடித்து வைத்த பத்திரத்தாள்களில் உள்ளது. வீட்டை விற்கும் நாளில் அத்தாள்கள் புதிய உரிமையாளரிடம் போய்விடுகின்றன. அதற்கு முன் அவற்றைப் படியெடுத்துத் தொகுத்தல், பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் அடுத்து ஏற்கத்தக்க பணியாகும். வீட்டை வாங்குவோரும் விலை பேசுமுன் அவ்விரு சொற்களையும் ஒருமுறை நின்று படிப்பாராக. வரிசை வீட்டில் குடியேறுவோர் தமக்கென ஒரு கதவைப் பெறுகின்றனர். சுவரை மட்டும் என்றும் பங்கிட்டே வாழ்கின்றனர்.