தென்னையும் செம்பனையும்: சவர்க்காரம் கூறும் வரலாறு

‘சவர்க்காரம்’ என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருவது. சவர் என்பது உவர்ப்பு. காரம் என்பது அழுக்கை அரித்து நீக்கும் பொருள். உவர்மண்ணை நீரிற் கரைத்துத் துணி வெளுத்த மக்கள், தாம் அறிந்த பொருளின் பெயரையே பின்னாளில் கட்டியாக வந்திறங்கிய புதுப்பொருளுக்கும் இட்டு வழங்கினர். தமிழகத்தில் ‘சோப்பு’ என்பது பெருவழக்காகிவிட்ட பின்னரும், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் தமிழர் நாவில் சவர்க்காரம் இன்றும் வாழ்கிறது.

ஆயினும், இவ்வழகிய சொல் பொருளின் ஒரு பாதியையே சுட்டுகிறது. எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு கூடி, இரண்டும் தம் இயல்பு திரிந்த நிலையிலேதான் சவர்க்காரம் பிறக்கிறது. காரம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. எண்ணெயோ இடந்தோறும் வேறு. கட்டி கடினமாவதும் குழைவதும், நுரை பொங்குவதும் பொங்காததும், தோல் வறள்வதும் வறளாததும் எண்ணெயைப் பொறுத்தவை. ‘எந்த எண்ணெய்?’ என்னும் வினாவிற்கு நிலமும் விலையும் சமயமும் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறியுள்ளன. அவ்விடைகளை வரிசையாகக் காண்பதற்குச் சிங்கப்பூரின் காத்தோங் கரை தக்கதோர் இடமாகும்.

காத்தோங்கின் தென்னந்தோப்புகள்

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் வணிகத்தலம் அமைத்த 1819ஆம் ஆண்டிற்குப் பின்னர், தீவில் பல பயிர்கள் முயன்று பார்க்கப்பட்டன. சாதிக்காய் பெரும் பொருள் தரும் என்று நம்பி நட்டோர் பலர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அம்மரங்களைத் தாக்கிய நோயால் கையைச் சுட்டுக்கொண்டனர். ஆனால், கிழக்குக் கரையின் மணற்பாங்கான நிலம் தென்னைக்கு வாய்ப்பாக அமைந்தது. காத்தோங், சிக்லாப் பகுதிகளில் கடலை ஒட்டித் தோப்புகள் எழுந்தன. சிங்கப்பூர்க் காவல்துறையின் முதல் ஆணையராக விளங்கிய தாமஸ் டன்மன், தஞ்சோங் காத்தோங்கில் ‘குரோவ்’ தோட்டம் என்னும் தென்னந்தோப்பிற்கு உரிமையாளராக இருந்தார். இன்றைய டன்மன் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மவுண்ட்பேட்டன் சாலைக்கு முன்பு வழங்கிய குரோவ் சாலை என்னும் பெயரோ அத்தோட்டத்தின் பெயரே. தோப்புகள் மறைந்தும் சாலைப் பெயர்களில் அவற்றின் சுவடு எஞ்சியது.

அக்காலத்தில் தேங்காய் எண்ணெய் உணவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1824இல் சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலாக ஏற்றப்பட்ட விளக்குகள் தேங்காய் எண்ணெயால் எரிந்தன. 1864இல் எரிவாயு வரும்வரை அவை ஒளி தந்தன. தலைக்கும் அதுவே, தாளிப்பதற்கும் அதுவே, கோயில் விளக்கிற்கும் அதுவே. காத்தோங்கின் சிலோன் சாலையில் இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் விளங்குகிறது. தென்னையும் பனையும் செறிந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர்க்குக் காத்தோங்கின் தோப்புகள் பழகிய காட்சியாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

நகரின் நடுவே டோபி காட் என்று இன்றும் வழங்கும் இடத்தில், இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி வெளுத்தனர். ஒருபுறம் தென்னை, மறுபுறம் வெளுப்போர். இவ்விரண்டையும் இணைத்த தொழில் சவர்க்காரத் தொழில். கொப்பரையைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் நகரில் எழுந்தன. 1904இல் லிம் பெங் சியாங் தொடங்கிய ஹோ ஹொங் நிறுவனத்தின் எண்ணெய் ஆலை அவற்றுள் பெயர் பெற்றது.

மேனாட்டின் மாட்டுக்கொழுப்பு

ஐரோப்பாவில் நிலை வேறாக இருந்தது. தென்பகுதியினர் ஒலிவ எண்ணெயைக் காய்ச்சினர். வடபகுதியினர்க்கு மாட்டுக்கொழுப்பே எளிதில் கிடைத்தது. 1791இல் நிக்கலாஸ் லெபிளாங் உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1823இல் மிஷேல் செவ்ரோல் கொழுப்புகளின் அமைப்பை விளக்கும் நூலை வெளியிட்டார். முன்னவரால் காரம் மலிந்தது. பின்னவரால் எண்ணெய்க்கு எண்ணெய் குணம் ஏன் வேறுபடுகிறது என்பது விளங்கிற்று. 1853இல் பிரிட்டன் சவர்க்கார வரியை நீக்கவே, அது ஏழைகள் வீட்டிலும் புகுந்தது. 1884இல் வில்லியம் லீவர் ‘சன்லைட்’ என்னும் பெயரைப் பதிந்து விற்கத் தலைப்பட்ட சவர்க்காரத்தில், மாட்டுக்கொழுப்பின் பங்கு குறைக்கப்பட்டு, கொப்பரை அல்லது செம்பனைக் கொட்டையின் எண்ணெய் பெரும்பங்கு பெற்றது. நன்கு நுரைப்பதே அதன் புகழுக்குக் காரணமாயிற்று. கீழ்த்திசையின் தென்னை இவ்வாறு மேல்திசையின் சலவைத் தொட்டியில் இடம்பெற்றது.

ஆனால், அத்தகைய கட்டிகள் கப்பலேறி ஆசியாவிற்கு வந்தபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. பசுவின் கொழுப்பு இந்துக்களுக்கு ஆகாது. பன்றியின் கொழுப்பு இசுலாமியர்க்கு ஆகாது. 1857இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த காரணங்களுள் தோட்டாக்களில் தடவிய கொழுப்பைப் பற்றிய ஐயமும் ஒன்று என்பதை வரலாறு கற்போர் அறிவர். வாயில் கடிக்கும் தோட்டாவிற்கே அத்துணை அச்சம் என்றால், நாள்தோறும் மெய்யில் பூசும் பொருளைப் பற்றிய தயக்கம் வியப்பிற்குரியதன்று. கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு, மனசாட்சிக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தியா கண்ட மாற்று

இச்சிக்கலுக்கு இந்தியத் தொழில்முனைவோர் விடை தேடினர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சர் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால், மலபார்க் கரையின் தானூரில் மத்தி மீனின் எண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்யும் சோதனைகள் நடந்தன. அதன் தொடர்ச்சியாக 1914இல் கோழிக்கோட்டில் கேரள சோப்பு நிலையம் தோன்றியது. 1917இல் தொடங்கப்பெற்ற டாட்டா எண்ணெய் ஆலைக் கழகம், கொப்பரை மிகுந்த கொச்சிப் பகுதியில் எர்ணாகுளத்தைத் தன் களமாகத் தேர்ந்தது. 1918இல் கோத்ரெஜ் நிறுவனம் விலங்குக்கொழுப்பு கலவாத சவர்க்காரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. சுதேசி உணர்வும் சமய உணர்வும் ஒரே கட்டியில் கலந்து உறைந்தன எனலாம்.

எனினும், கொழுப்பை விலக்கியதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கூறு உள்ளது. அதனால் அவ்வெண்ணெய்ச் சவர்க்காரம் கல்லைப்போல் இறுகும், கடல்நீரிலும் நுரைக்கும், அழுக்கை விரைந்து நீக்கும். கடலோடிகள் அதனை விரும்பியதற்குக் காரணம் இதுவே. ஆனால், அழுக்கோடு தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையையும் அது வாரிக்கொண்டு போகும். தனித் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் துணிக்கு நண்பன். மேனிக்கு அத்துணை நண்பன் அல்லன். ஐரோப்பியர் இக்கடுமையை மாட்டுக்கொழுப்பைக் கலந்து தணித்தனர். அதனைக் கலக்க விரும்பாதோர்க்கு, கொழுப்பைப்போலவே உறையும் தாவர எண்ணெய் ஒன்று தேவைப்பட்டது.

செம்பனையின் வருகை

அத்தேவையை நிறைவு செய்தது செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் சாவகத்தின் போகோர்த் தோட்டத்தில் நடப்பட்டன. நெடுங்காலம் அழகுமரமாகவே அது கருதப்பட்டது. 1917இல் மலாயாவின் சிலாங்கூரில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. பெயரைக் கேட்ட அளவிலேயே தமிழ் மாணவன் நிமிர்ந்து உட்காருவான். தென்னையின் பெயர் ஒலிக்கும் மண்ணிலேயே தென்னையின் இடத்தைப் பிடிக்கவிருந்த மரம் வேரூன்றியது. மலாயாவின் தோட்டங்களில் தமிழர் சிந்திய வியர்வையை நினைப்போர்க்கு அப்பெயர் வெறும் பெயராகத் தோன்றாது.

செம்பனை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் என்னும் கூறு ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் உள்ளது. அதனால் அது மாட்டுக்கொழுப்பைப் போன்றே உறுதியும் நிதானமும் உள்ள சவர்க்காரத்தைத் தரும், விரைவில் கரையாது. தென்னையின் நுரையும் செம்பனையின் உறுதியும் சேர்ந்தபோது, எச்சமயத்தாரும் தயங்காது தொடத்தக்க கட்டி உருவாயிற்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமானபின், எண்ணெய்த் தேர்வு வசதியாக இல்லாமல் தேவையாக மாறியது. கப்பல்கள் நின்றன; சவர்க்காரமும் எரிசோடாவும் அரும்பொருள்களாயின. ஏற்றுமதிக்கு வழியற்றுத் தேங்கிய செம்பனை எண்ணெய் சமையலுக்கும் சவர்க்காரத்திற்கும் பயன்பட்டது. சாம்பலைக் கரைத்து வடித்த நீர் காரமாயிற்று. சாம்பலின் காரம் பொட்டாசைச் சேர்ந்தது; அது கட்டியாகாமல் குழைந்த சவர்க்காரத்தையே தரும். தேங்காய் மட்டையின் சாம்பலில் அக்காரம் மிகுதி. எண்ணெயும் காரமும் ஆகிய இரண்டையும் ஒரே மரம் தரவல்லது என்பதை வறுமையே கற்பித்தது.

வீட்டில் செய்வோர்க்கு ஒரு கணக்கு

இவ்வரலாறு, வீட்டில் சவர்க்காரம் செய்வோர்க்கும் பயன்படுவது. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 18 கிராம் எரிசோடா வேண்டும். அதே அளவு செம்பனை எண்ணெய்க்கு 14 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்கு 13 கிராமும் போதும். எண்ணெயை மாற்றிவிட்டுக் காரத்தின் அளவை மாற்றாதவர் கையில் புண்தான் மிஞ்சும். தென்னையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, எஞ்சியது செம்பனையும் கடலை எண்ணெய் போன்ற நீர்த்த எண்ணெயும் என்பது மேனிக்கு ஏற்ற கலவை. நல்லெண்ணெய் போன்றவை மிகுந்தால் கட்டி குழைந்து, நாளடைவில் சிக்குவாடை வீசும். எரிசோடாவை நீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, நீரை அதன்மேல் ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. செய்த கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் காயவிடல் வேண்டும்.

எந்த எண்ணெயும் விலையின்றி வருவதில்லை

உண்ணும் எண்ணெயைக் கழுவுதற்குச் செலவிடலாமா என்ற வினாவும் பழையதே. சமையலுக்கே எண்ணெய் போதாத நாட்டில், வேம்பு, இலுப்பை, புன்னை ஆகியவற்றின் எண்ணெயைச் சவர்க்காரத்திற்குப் பயன்படுத்தும் முயற்சியை இந்தியக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊக்குவித்தது. சமயத்தின் தயக்கத்தைத் தீர்த்த செம்பனையும் குற்றமற்றதாக நிலைக்கவில்லை. காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. நிலத்தை வெளியாக்க மூட்டிய தீயின் புகை 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர் வானை மூடியது. அத்தீயில் செம்பனைக்கும் பங்கு உண்டு.

காத்தோங்கின் தோப்புகள் வீடுகளாயின. 1966இல் தொடங்கிய கடல் தூர்ப்புப் பணியால் அலைகளும் தொலைவிற்குச் சென்றன. கொப்பரை காய்ந்த மணலை இன்று தேடினாலும் காண இயலாது. ஆயினும், கடையில் வாங்கும் சவர்க்காரத்தின் உறையில் இவ்வரலாறு சிறிய எழுத்தில் அச்சாகியுள்ளது. ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது மாட்டுக்கொழுப்பு முதலிய விலங்குக்கொழுப்பு. ‘சோடியம் பாமேட்’ என்றிருந்தால் செம்பனை. ‘சோடியம் கோகோயேட்’ என்றிருந்தால் தென்னை. வகுப்பறைக்கு ஓர் உறையைக் கொண்டுவந்து, இம்மூன்று சொற்களுள் எது உள்ளது என்று மாணவரைப் படிக்கச் செய்தல் நன்று. அச்சொல்லின் பின்னே எந்த மண், எவருடைய உழைப்பு, எந்த நம்பிக்கை நிற்கின்றன என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், அதுவே வரலாற்றுப் பாடத்தின் தொடக்கமாகும்.