இரண்டு நீலம், இரண்டு சோதனை

திரையில் மூன்று நீலச் சதுரங்கள்: மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே இருப்பவற்றில் எது மேலே உள்ளதன் அச்சு அசல் என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஜோனதன் வினவர், லெரா போரோடிட்ஸ்கி குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனை இது. ரஷ்ய மொழிக்காரர்களும் ஆங்கிலம் பேசுபவர்களும் தனித்தனியே செய்தார்கள். ரஷ்ய மொழியில் வெளிர்நீலம் ‘கலுபோய்’, அடர்நீலம் ‘ஸீனி’. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் கிடையாது. நாம் இளநீலம் என்றாலும் கருநீலம் என்றாலும், புடவைக் கடையில் ஆனந்தா நீலம் கேட்டாலும், எல்லாம் நீலத்தின் பிள்ளைகள்தான். ரஷ்யருக்கு அவை வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

கீழே உள்ள இரண்டில் ஒன்று கலுபோயாகவும் மற்றது ஸீனியாகவும் இருந்தபோது ரஷ்யர்களின் விரல் சீக்கிரம் அழுத்தியது. இரண்டும் ஒரே வீட்டு நிறமானால் தாமதம். ஆங்கிலக்காரர்களிடம் இந்த வேறுபாடே இல்லை. பிறகு ஒரு குறும்பு செய்தார்கள்: எட்டு இலக்க எண் ஒன்றை மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரஷ்யர்களின் அந்த வேகம் மறைந்துவிட்டது. எண்ணுக்குப் பதில் ஒரு கட்ட வடிவத்தை நினைவில் வைக்கச் சொன்னபோது மறையவில்லை. வாய் வேறு வேலையில் இருந்தால் கண்ணுக்கு உதவ ஆளில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

2009இல் கியோம் தியரி, பானஸ் அத்தனாசோபூலோஸ் குழுவினர் விரலை நம்பவில்லை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பார்த்தார்கள். கிரேக்க மொழியிலும் நீலம் இரண்டு: ‘கலாஸியோ’, ‘ப்ளே’. பச்சைக்கு ஒரே சொல். வட்டங்களாக வந்துகொண்டிருக்கும், நடுவே சதுரம் வந்தால் மட்டும் அழுத்த வேண்டும். நிறத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஆனால் ஒரே நீலமாக வந்த வட்டங்களுக்கு நடுவே வேறு நீல வட்டம் எப்போதாவது தலைகாட்டும். கிரேக்கர்களின் மூளை அதற்குச் சுமார் 200 மில்லி செகண்டில் துள்ளியது. பச்சை வட்டங்களுக்கு நடுவே வேறு பச்சை வந்தபோது அந்த அளவுக்குத் துள்ளவில்லை. ஆங்கிலக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டையும் சேர்த்து ‘மொழி பார்வையை மாற்றுகிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசரமாகப் படுகிறது. முதல் சோதனையில் சொல், அந்த நேரத்துக்கு வந்து கைகொடுக்கும் ஆள். அதை வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவதில் கேட்பாரே இல்லாதபோதும், கவனம் திரும்புமுன்பே வேறுபாடு பதிவாகிவிடுகிறது. சொல் அங்கே குடியேறிவிட்டது போலிருக்கிறது. முதல் சோதனையின் முணுமுணுப்பை இரண்டாவதில் சேர்த்திருந்தால் இந்த வழக்கு தீர்ந்திருக்கும்.

அந்தக் குடியிருப்பும் நிரந்தரப் பட்டா இல்லை. பிரிட்டனில் வாழும் கிரேக்கர்களைப் பார்த்தபோது, நீண்ட காலம் தங்கியவர்களின் மூளையில் இரு நீலங்களுக்கும் இடையேயான அந்தத் துள்ளல் குறைந்திருந்தது.