கூத்து வாத்தியாரின் பாரதம்

தெருக்கூத்துக் குழுவின் தலைவரைப் புதுச்சேரி வட்டாரத்திலும் அதை அடுத்த வடதமிழ்நாட்டிலும் ‘வாத்தியார்’ என்பர். யாருக்கு எந்த வேடம் என்று தீர்ப்பதும், பாட்டை எடுத்துக் கொடுப்பதும், கூட்டம் சோர்ந்தால் காட்சியைச் சுருக்கி விடியலுக்குள் கதையை முடிப்பதும் அவர் பொறுப்பு. அவருக்குத் துணை கட்டியங்காரன். இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று பாடிவரும் வேடதாரியை ‘நீர் யார், எந்த நாட்டவர்’ என்று கேட்டு, அவர் வாயாலேயே அவர் கதையைச் சொல்லவைப்பவன் அவன்தான். பாடல்கள் முன்பே கட்டப்பட்டவை, வசனமோ பெரும்பாலும் அந்த இரவில் பிறப்பது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில், ஆளுக்கொரு வேடம் ஏற்றோரைக் கதைக்குள் நடத்திச் செல்லும் நடுவரின் வேலையும் ஏறத்தாழ இதுவே. அங்கே முடிவைப் பகடை தீர்மானிக்கும். பாரதக் கூத்திலோ சகுனியின் பகடை தோற்பதில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆயினும் ஊர் உறங்குவதில்லை.

எந்தக் கதையை ஆடுவது என்பது வாத்தியாரின் விருப்பத்தோடு மட்டும் நிற்பதன்று. மழை வேண்டினால் விராட பருவம், இறந்தவருக்குக் கருமாதி என்றால் கர்ண மோட்சம் என ஊரின் தேவையே கதையைத் தேர்ந்தெடுத்தது. அருச்சுனன் தபசில் வேடதாரி உயரமான தபசு மரத்தின் மேலேறி எலுமிச்சம்பழங்களை வீச, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானையை விரித்து நிற்பர். அந்நேரம் பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை.

எனினும் வாத்தியாரின் திறம் முழுதும் வெளிப்படும் இடம் சூது, துகிலுரிதல் காட்சிகளே. துச்சாதன வேடதாரி திரௌபதியின் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டுவதும், வேடதாரிகளுக்கு அருள் வந்துவிடுவதும் உண்டு. அப்போது ஆட்டத்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வாத்தியாரே அறிவார். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார், 1912இல் முதற்பாகம் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்துக்கு இதே சூதாட்டத்தையே எடுத்துக்கொண்டார்.

புதுச்சேரி நகரின் வட கடலோரத்துக் குருசுக்குப்பம் முதலான மீனவர் குடியிருப்புகள் பார்த்திருந்த இக்கடல் வழியேதான் இந்தக் கலை வெளிநாடும் சென்றது. கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தொலைவில் நங்கூரமிட, ‘சலங்கு’ என்னும் தைத்த படகுகள் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டு சேர்த்தன. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் ரீயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருவாரியாக அனுப்பப்பட்டனர். ஆங்கிலேய அரசு 1882இல் அதை நிறுத்தும் வரை ஆள் ஏற்றிய துறைகளில் புதுச்சேரியும் ஒன்று. கூலிகளோடு கூத்தும் தீமிதியும் கப்பலேறின. பிரெஞ்சுக்காரர் அங்கே இதைத் ‘தமிழ் நடனம்’ என்னும் பொருளில் ‘பால் தமூல்’ என்றனர், ஆடியவர்களோ ‘நாடகம்’ என்ற சொல்லைத் திரித்து ‘நார்ல்கோன்’ என்று வழங்கினர். தமிழ் பேச மறந்த தலைமுறையிலும் விடிய விடிய ஆடும் அக்கூத்தை நடத்துபவருக்கு அங்கே ‘வார்த்தியால்’ என்றுதான் பெயர்.