கிளினிக் டேசா, மிஸ்ஸி, வண்ண ஸ்டிக்கர்: பெரிய மருத்துவமனை இல்லாத ஊரில் பிரசவம் எப்படிப் பாதுகாப்பானது?

நீங்கள் பாயான் பாருவில் இருக்கிறீர்கள் என்றால், பிரசவத்துக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஜாம் இல்லாத நேரத்தில் அரை மணி நேரத்தில் பினாங்கு மருத்துவமனைக்குப் போய்விடலாம். அதற்கு முன்பே தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

இப்போ அதே வடக்கு மலேசியாவில் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்க. பேராக்கின் தெமங்கோர் ஏரியை ஒட்டிய சில ஓராங் அஸ்லி கிராமங்களிலிருந்து வெளியே வர படகு வேண்டும், இல்லையென்றால் மண் சாலையைத் தாங்கும் 'ஃபோர் வீல்' வண்டி வேண்டும். மழை பெய்தால் இரண்டுமே சந்தேகம்தான். எப்படியோ கிரிக் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாலும், சிக்கலான பிரசவம் என்றால் நிபுணர்கள் இருக்கும் தைப்பிங்குக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம்? பிரசவத்துக்குப் பிறகு ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, முழு ஆரோக்கியமான ஒரு பெண்ணையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். தாய் மரணங்களை ஆராய்பவர்கள் மூன்று தாமதங்களைப் பற்றிப் பேசுவார்கள். உதவி தேவை என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மருத்துவமனை கட்டினால் மூன்றாவது குறையும். முதல் இரண்டையும் குறைக்க, ஊருக்குள்ளேயே ஒரு ஆள் வேண்டும்.

எண்கள் எப்படி இறங்கின?

1957-இல், சுதந்திரம் கிடைத்த ஆண்டில், ஒரு லட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். 1970-இல் அது 141. 1980-இல் 56. 1990 வாக்கில் 20-க்கும் கீழே.

அடுத்த ஆண்டே, 1991-இல், எண்ணிக்கை 44-க்கு ஏறியது. பயந்துவிடாதீர்கள். அந்த ஆண்டுதான் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக, யார் மீதும் பழி போடாமல் ரகசியமாக ஆராயும் முறையை மலேசியா தொடங்கியது. அதுவரை வேறு காரணங்களின் கீழ் பதிவாகியிருந்த மரணங்கள் வெளியே வந்தன. நம்பர் மோசமானது, ஆனால் உண்மைக்கு நெருக்கமானது. ஒரு அரசாங்கம் தன் கணக்கைத் தானே மோசமாகக் காட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை, அதனால் சொல்கிறேன். பிறகு எண்கள் மறுபடியும் இறங்கின. கோவிட் தாக்கிய 2021-இல் மட்டும் 68-ஐத் தாண்டின.

வீடும் அதுவே, கிளினிக்கும் அதுவே

இந்தச் சரிவின் பெரும் பகுதி நடந்தது பெரிய மருத்துவமனைகளில் அல்ல. 1950-களில் கிராமப்புற சுகாதாரச் சேவை தொடங்கியபோது, அதற்கான ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி கெடாவின் ஜித்ராவில் அமைந்தது. ஆமாம், நம்ம வடக்கில்தான்.

திட்டம் மூன்று அடுக்கு. 50,000 பேருக்கு ஒரு தலைமை சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. அந்த மருத்துவச்சியின் கிளினிக்கும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சிக்கன நடவடிக்கை போலத் தெரியலாம். ஆனால் நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறார் என்பதுதான் இதன் அர்த்தம். பகலில் சைக்கிளில் வீடு வீடாகப் போவதால், எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்குப் போன பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

1970-களில் இது இரண்டு அடுக்காக மாறியது. மருத்துவச்சிகள் கூடுதல் பயிற்சி பெற்று, குழந்தைகளுக்கான தடுப்பூசி, குடும்பநலம் எல்லாம் பார்க்கும் கிராமத் தாதியர் ஆனார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கிளினிக் டேசா, அந்த 'மிஸ்ஸி', இந்த வழியில் வந்தவர்கள்தான்.

பிடான் கம்போங்கை ஏன் தடை செய்யவில்லை?

கிராமத்துக்குப் புதிதாக ஒரு இளம் அரசு மருத்துவச்சி வருகிறார். அங்கே ஏற்கெனவே மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த ஒரு பாட்டி இருக்கிறார். ஊர் யாரை நம்பும்?

தடை போட்டிருந்தால் பிரசவங்கள் மறைவாக நடந்திருக்கும். மலேசியா வேறு வழியில் போனது. 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம், பயிற்சி பெற்றவர்களோடு பாரம்பரிய பிடான்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. கை கழுவுவது, தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்டுவது, ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மிஸ்ஸியிடம் அனுப்புவது ஆகியவை அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன. மெல்ல மெல்ல பிரசவம் அரசு மருத்துவச்சியின் கைக்குப் போனது. உடல் பிடித்துவிடுவது, பத்தியம், சடங்குகள் பாட்டியிடமே இருந்தன. பாட்டியின் மரியாதை குறையவில்லை, தாய்க்கும் பாதுகாப்பு கிடைத்தது. என் பார்வையில் இந்தக் கதையிலேயே கெட்டிக்கார முடிவு இதுதான்.

நம்ம தோட்டங்களில் என்ன நடந்தது?

இங்கேதான் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். கிளினிக் டேசா திட்டம் கிராமங்களுக்கானது. எஸ்டேட் என்பது தனியார் நிலம், அங்கே தொழிலாளியின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. வால்டோர், கலிடோனியா, பத்து காவான் என்று செபராங் பிறையின் தோட்டங்களில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, 'டிரெசர்' என்ற பெயர் உடனே வரும். 1965-இல் வந்த ஒரு தனிச் சட்டம் இந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்தது.

நல்ல நிர்வாகம் உள்ள தோட்டத்தில் டிரெசரும் மருத்துவச்சியும் வண்டியும் இருந்தன. மற்ற இடங்களில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கிடைத்தாலே பெரிது. அதாவது, ஒரு பெண்ணின் பிரசவம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அவள் எந்த லயத்தில் பிறந்தாள் என்பது முடிவு செய்தது. 2003-இல் உலக வங்கி, தாய் மரணத்தைக் குறைத்ததில் பாடமாக மலேசியாவையும் இலங்கையையும் சேர்த்து ஒரு ஆய்வு வெளியிட்டது. இரண்டு நாடுகளுமே கிராமத்து மருத்துவச்சியை நம்பி வென்றவை. இலங்கையிலும் மலையகத் தோட்டங்கள்தான் பின்தங்கி நின்றன. இன்று நம் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அரசு மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டணம் அதிகம். முதல் தாமதம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த வண்ண ஸ்டிக்கர் என்ன சொல்கிறது?

அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால், அவர் கையில் இருக்கும் பிங்க் புத்தகத்தைப் பாருங்க. 1989 முதல் மலேசியாவில் கர்ப்பிணிகளின் ஆபத்து நிலை நிறத்தால் குறிக்கப்படுகிறது. வெள்ளை என்றால் தாதியே கவனிக்கலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை, வலிப்போ கடும் இரத்தப்போக்கோ வந்தால் யோசிக்கவே கூடாது.

சின்ன விஷயம்தான். ஆனால் சிக்கிலோ பாலிங்கிலோ தனியாக இருக்கும் ஒரு தாதி, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் முடிவெடுக்க இது உதவுகிறது. நிறம் ஒரே நிலையில் இருக்காது, ஒவ்வொரு பரிசோதனையிலும் மாறலாம்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு?

கடைசி சில கிலோமீட்டர்தான் இன்னும் கஷ்டம். தூரத்து ஓராங் அஸ்லி கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்கள் போகின்றன. பிரசவ நாளுக்கு முன்பே தாயை வெளியே கொண்டுவந்து, மருத்துவமனைக்கு அருகில் தங்க வைக்கும் வழக்கமும் உண்டு. மருத்துவக் கணக்கில் இது சரி. ஆனால் ஒரு தெமியார் அல்லது ஜஹாய் பெண், மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, மொழி தெரியாத இடத்தில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 'வரமாட்டேன்' என்று சொன்னால் அதை அறியாமை என்று எழுதிவிட முடியாது.

கனடாவின் வடகோடியில் இனுயிட் பெண்களுக்கும் இதே நிலைதான் இருந்தது. பிரசவத்துக்காக விமானத்தில் தெற்கே அனுப்பப்பட்டார்கள். 1986-இல் கியூபெக் மாநிலத்தின் புவிர்னிதுக் என்ற ஊரில் ஒரு பிரசவ நிலையம் திறந்தார்கள். உள்ளூர் இனுயிட் பெண்களையே மருத்துவச்சிகளாகப் பயிற்றுவித்தார்கள். ஆபத்து அதிகமுள்ளவர்கள் மட்டும் இன்றும் தெற்கே போகிறார்கள், மற்றவர்கள் சொந்த ஊரிலேயே பெற்றுக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கிளினிக் டேசாவில் பரிசோதனை உண்டு, பிரசவம் அபூர்வம். அப்படியானால் பாலம் மூழ்கிய ஒரு இரவில், பல ஆண்டுகளாகப் பிரசவமே பார்க்காத ஒரு தாதி என்ன செய்வார்? மருத்துவமனைப் பிரசவம் பாதுகாப்பானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கும் யாராவது பதில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் உறவினர் யாராவது அப்படி ஒரு ஊரில் கர்ப்பமாக இருந்தால், 36-ஆவது வாரத்துக்குள் மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்டிக்கர் என்ன நிறம்? வலி வந்தால் யார் வண்டி? போகும்போது மற்ற பிள்ளைகள் யாரிடம்?